கம்ப்யூட்டர் பார்த்த கைராசி

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. தேவகோட்டையிலிருந்து காரைக்குடி வருகிற பஸ், சாயங்கால நேரம், பள்ளிக்கூடம் விட்ட கூட்டம். ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் பை, கால் வைக்க இடமில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்:

"அந்த பாய்க்குக் கைராசியே கிடையாதாம்டி. ஊர்ல நாலு பேரு சொன்னா சும்மா சொல்றாகன்னு விட்டுறலாம். கம்ப்யூட்டரே சொல்லிருச்சாம்ல."

மற்றவள் "அப்படியா" என்றாள். பிறகு பேச்சு வெங்காய விலைக்குப் போய்விட்டது. தொண்ணூற்றெட்டாம் வருடத்தின் பிற்பகுதி அது. எந்தப் பேச்சை எடுத்தாலும் வெங்காய விலையில்தான் போய் முடியும்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். யார் அந்த பாய், என்ன கம்ப்யூட்டர், எதற்காக அது ஒரு மனிதரின் கையைப் பற்றி அபிப்பிராயம் சொன்னது, ஒன்றும் தெரியாது. காரைக்குடியில் இறங்கி நடக்கும்போது அந்த வாக்கியமும் கூடவே இறங்கி நடந்து வந்தது.

ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருகிற ஆட்கள் எல்லாரும் நான் உண்டாக்கியவர்கள். கம்ப்யூட்டர் தானாகக் கைரேகை பார்க்காது. யாரோ அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவனைத் தேடித்தான் எழுத உட்கார்ந்தேன். பாயைத் தேடி உட்காரவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கே இது உறுத்தப்போகிறது.

2

முதல் தொடக்கம்:

"சகாய ஆண்டனி அழுதுகொண்டிருந்தான்."

வேண்டாம். முதல் வரியிலேயே அழுகிறவனைக் கண்டால் உங்களுக்கு இரக்கம் வந்துவிடும். அவனுக்கு அதற்குள் இரக்கம் கிடைக்கக் கூடாது.

இரண்டாம் தொடக்கம்:

"எண்ணெய், எரிவாயுத் தொழிலில் செயற்கை அறிவின் துணையோடு இயந்திரப் பழுதுகளை முன்கூட்டியே அறியும் முறை பெருகிவரும் இந்நாளில் நாம்—"

இது பள்ளிக்கூட ஆண்டுமலருக்கு ஆகும். அங்கேயும் இரண்டாம் பத்தியில் தூங்கிவிடுவார்கள்.

மூன்றாம் தொடக்கம்:

"சகாய ஆண்டனி கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினான்."

இது இருக்கட்டும். இதிலிருந்து போவோம்.

3

சகாய ஆண்டனி கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினான். அந்த எரிவாயு நிலையத்தில் ஏசி இருந்தது அந்த ஓர் அறைக்குத்தான். மேலாளர் அறையிலேயே மின்விசிறிதான். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று யார் வந்தாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வந்தவர்கள் குரலையும் தாழ்த்திக்கொள்வார்கள். அதைத் தாழ்த்தச் சொல்லி யாரும் சொன்னதில்லை.

(எரிவாயுவைப் பற்றி எனக்குத் தெரிந்தது, வீட்டு சிலிண்டர் தீரப்போகிறதா என்று ஆட்டிப் பார்ப்பது மட்டும்தான். மற்றதெல்லாம் விசாரித்து எழுதுவது. நீங்கள் அந்தத் துறை ஆளாக இருந்தால் அடுத்த பத்தியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள்.)

நிலையம் தேவகோட்டைக்குக் கிழக்கே, கருவேலங்காட்டுக்கு நடுவில் இருந்தது. சுற்றியுள்ள கிணறுகளிலிருந்து குழாய் வழியே வரும் எரிவாயுவை அங்கே ஒன்றுசேர்த்து, ஒரு பெரிய கம்ப்ரசர் அதை அழுத்தித் தூரத்துத் தொழிற்சாலைகளுக்குத் தள்ளிவிடும். அந்தக் கம்ப்ரசர் சில நாட்களில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். ட்ரிப் ஆயிருச்சு என்பார்கள். நின்றால் வருகிற எரிவாயுவுக்குப் போக்கிடம் கிடையாது, உயரக் குழாயில் விட்டு வீணாக எரிக்க வேண்டும். தொழிற்சாலைக்காரர்கள் கத்துவார்கள். தலைமை அலுவலகம் விளக்கம் கேட்கும்.

ஆண்டனி நான்கு ஷிப்ட் பொறுப்பாளர்களில் ஒருவன். முப்பத்திரண்டு வயது, காரைக்குடி செக்காலையில் வாடகை வீடு, மனைவி பெல்சி கணக்கு டீச்சர், இரண்டு பிள்ளைகள். நியூரல் நெட்வொர்க் என்று ஒன்று உண்டு, அது மனித மூளை போலப் பார்த்துப் பார்த்துப் பழகும் என்று ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அந்தக் குளிர் அறையில் உட்கார்ந்து தானாகவே ஒன்றை எழுதிவிட்டான். பழைய பதிவுகளையும் கம்ப்ரசர் நின்ற நாட்களையும் அதற்குத் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். பழகிய பிறகு, இன்றைய நிலவரத்தைக் கொடுத்தால் இன்று நிற்குமா நிற்காதா என்று அது சொல்லும். ஏன் என்று கேட்டால் மட்டும் சொல்லாது.

அவன் அதற்குக் காட்டியவை: அழுத்தம், வெப்பம், அதிர்வு, எண்ணெய், வருடத்தில் அது எத்தனையாவது நாள், அன்று பொறுப்பில் இருந்தவரின் எண்.

கடைசியில் சொன்னது எதற்கு என்று கேட்பீர்கள். நானும் அவனிடம் கேட்டுப் பார்த்தேன். பதிவில் அந்தக் கட்டம் இருந்தது, அதையும் சேர்த்துப் போட்டான். எடுத்துவிட்டுப் போடுவது கூடுதல் வேலை. ஒரு மனிதரின் தலையெழுத்து இப்படித்தான் உள்ளே போனது.

நெட்வொர்க் பழகியது. நன்றாகவே சொன்னது. எதை வைத்துச் சொல்கிறது என்று பார்க்க, ஆண்டனி ஒவ்வொரு கட்டமாக மறைத்துப் பார்த்தான். அதிர்வை மறைத்தால் கொஞ்சம் தடுமாறியது. வெப்பத்தை மறைத்தால் கொஞ்சம். பொறுப்பாளர் எண்ணை மறைத்ததும் அதற்கு ஒன்றுமே தெரியாமல் போய்விட்டது. மூன்றாம் எண் வந்தால் நிற்கும் என்பதுதான் அது கற்றுக்கொண்டிருந்த பாடம்.

மூன்றாம் எண் ஜெகபர் சாதிக்.

ஆண்டனி சிரித்துக்கொண்டேதான் இதை மேலாளரிடம் சொன்னான். மேலாளர் பெயர் பெத்தாச்சி, சொந்த ஊர் கொத்தமங்கலம், கெட்ட மனிதர் இல்லை. அவர் சிரிக்கவில்லை.

"நம்ம பாயா?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் அச்சடித்துத் தந்திருந்த, ஓரத்தில் துளை போட்ட நீளக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "கைராசின்னு பெரியவுக சொல்லும்போது நம்ம படிச்சவுகல்லாம் கேலி பண்ணுனோம். இப்ப பாத்தீகளா ஆண்டனி."

அன்று சாயங்காலம் டீக்கடையில் இது பேச்சானது. மறுநாள் பஸ்ஸில்.

4

இப்போது சாதிக். இவரை எழுதுவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

முதலில் எழுதிய சாதிக் ரொம்ப நல்லவர். அவர் வாயைத் திறந்தாலே அத்தர் மணந்தது. எனக்கே சந்தேகம் வந்தது. தப்பில்லாதவர் என்று காட்ட வேண்டும் என்பதற்காக ஒருவரைக் குறையே இல்லாதவராக எழுதினால், குறையுள்ள மனிதர்களுக்கு நியாயம் கிடையாது என்று ஆகிவிடாதா? கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன்.

இரண்டாவது சாதிக்குக்கு நாற்பத்தாறு வயது. சவுதியில் எரிவாயு ஆலையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எதைச் சொன்னாலும் "சவுதியில..." என்றுதான் ஆரம்பிப்பார். டீயில் சர்க்கரை குறைந்தால் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பார். இரவல் வாங்கினால் திருப்பித் தர மாட்டார். ஆண்டனியின் குடை ஒன்று இரண்டு மழைக்காலமாக அவரிடம்தான் இருக்கிறது. கேட்டால், "சவுதியில மழையே கிடையாது தம்பி, அதான் குடையோட அருமை எனக்குத் தெரியுது" என்பார்.

இவரை எனக்குப் பிடித்தது.

இனி அந்த நிலையத்தில் இருந்த ஒரு வழக்கம். யாரும் எழுதி வைத்ததில்லை, அதிகாரிகள் உத்தரவும் இல்லை. தீபாவளி, பொங்கல், சுதந்திர தினம், ஆயுத பூஜை, கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் ஷிப்டை சாதிக் ஏற்றுக்கொள்வார். நோன்பு மாதம் வந்தால், நோன்பு திறக்கிற சாயங்கால நேரத்துக்கு மற்ற மூன்று பேரும் அவருக்காக நிற்பார்கள். யாரும் நன்றி சொல்லிக்கொள்வது கிடையாது. போன வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நடந்தது இது:

"தம்பி, இருபத்தஞ்சு நீங்க வராதீக. நான் பாத்துக்கிறேன்."

"அண்ணே, தீபாவளிக்கும் நீங்கதான் நின்னீக. பாவம் உங்களுக்கும் வீடு வாசல் இருக்குல்ல."

"சவுதியில பெருநாளன்னைக்கே டூட்டி பாத்தவன் நான். நீங்க பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போங்க. கேக்கை மட்டும் அஜீஸாகிட்ட குடுக்கச் சொல்லிருங்க, முட்டை கூடுதலாப் போட்டது."

அஜீஸா அவர் மனைவி. கேக் போனது. பாத்திரம் மட்டும் திரும்பி வரவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆண்டனி அந்த நீளக் காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தான். மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வருகிறார்கள். இவன் செய்ததைப் பார்த்துவிட்டு, மற்ற நிலையங்களிலும் வைக்கலாமா என்று முடிவு செய்வார்கள். கம்ப்ரசர் நின்ற நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டிருந்தான். பெல்சி ரசச் சட்டியோடு வந்து நின்றாள்.

"கொஞ்சம் அங்குட்டு நகத்துங்க. சுடுது." சட்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "இது என்ன, முந்நூத்தி அம்பத்தொம்போது?"

"வருசத்துல எத்தனாவது நாள்ங்கிறது. தேதியாப் போட்டா கம்ப்யூட்டருக்கு வசதிப்படாது."

பெல்சி கணக்கு டீச்சர். முந்நூற்று அறுபத்தைந்திலிருந்து பின்னோக்கி எண்ணினாள். கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீக?"

"டூட்டிப் பதிவைப் பாத்தாத்தான் தெரியும்."

"பதிவெல்லாம் பாக்க வேணாம். நம்மகூடக் கோயில்ல இருந்தீக. சின்னவன் குடில்ல இருந்த பொம்மை ஆட்டுக்குட்டியை எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்துட்டான். சாயங்காலம் நீங்கதான் கொண்டுபோய்த் திருப்பி வச்சீக. டிசம்பர் இருபத்தஞ்சுங்க அது."

அவள் விரல் அடுத்த வட்டத்துக்குப் போனது.

"பதினாலு. இது பொங்கல். எரநூத்தி இருபத்தேழு?" உதடு அசைய மாதங்களைக் கூட்டினாள். "ஆகஸ்டு பதினஞ்சு. கொடியேத்திட்டு வந்து தலைவலின்னு படுத்தேன். இது அக்டோபர் கடைசி. இராமு வீட்டுலருந்து அதிரசம் வந்துச்சுல்ல, கடிக்க முடியலன்னு சொன்னீகளே, அந்தத் தீபாவளி."

இராமு நான்கு பொறுப்பாளர்களில் இன்னொருவன்.

ஆண்டனிக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. பண்டிகை நாளில் தொழிற்சாலைகளுக்கு விடுமுறை. விடுமுறை என்றால் எரிவாயு எடுக்க ஆள் இல்லை. எடுக்க ஆள் இல்லாமல் போனால் தள்ளிவிட்ட எரிவாயு திரும்பி வந்து கம்ப்ரசரையே மோதும், அது நின்றுவிடும். யார் கை வைத்திருந்தாலும் நிற்கும். அந்த நாட்களில் எல்லாம் கை வைத்தவர் சாதிக். இவர்கள் வீட்டில் அதிரசம் தின்றுகொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டருக்குப் பண்டிகை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மூன்று என்கிற எண்தான்.

வெட்கம் என்றால் என்ன என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது என்று எழுதலாம். ஆனால் அது பொய். முதலில் அவனுக்கு வந்தது பயம். நாளைக்கு வருகிற அதிகாரிகள்முன் என்ன ஆகும் என்கிற பயம். வெட்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது. வந்தது போகவே இல்லை.

"நாளைக்குச் சொல்லிருவீகள்ல?" என்று பெல்சி கேட்டாள்.

"சோத்தைப் போடு" என்றான்.

6

கம்ப்யூட்டர் அறை வாசலில் மறுநாள் பளபளப்பான பூட்ஸ்கள் இரண்டு ஜோடி நின்றன. பக்கத்தில் பெத்தாச்சியின் செருப்பு, ஆண்டனியின் செருப்பு. வந்த அதிகாரிகளில் மூத்தவரின் காலுறையில் ஓட்டை இருந்து, பெருவிரல் வெளியே தெரிந்தது. ஆண்டனி பேசிய நேரமெல்லாம் அந்த விரலையே பார்த்துக்கொண்டு பேசினான்.*

* இந்த விரலை நான் எதற்கு வைத்தேன் என்று யோசித்தேன். பெரிய அதிகாரி, பெரிய மிரட்டல் என்று எழுதினால் ஆண்டனிக்கு அது ஒரு சாக்காகிவிடும். மிரட்டல் எதுவும் இல்லை. ஓட்டைக் காலுறை போட்ட, டீ இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்த, சாதாரணமான ஆள்தான் அவர்.

அவர் நல்ல கேள்வியும் கேட்டார். குறிப்பிட்ட ஒருவர் பணியில் இருக்கும்போது இப்படி ஆவதற்கு வேறு ஏதாவது காரணம் இருக்கலாமா, யோசித்துப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

இந்த இடத்தில் நான் ஆண்டனியைச் சொல்ல வைக்கப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். "சார், அது பண்டிகை நாட்கள், அன்றைக்கெல்லாம் அவர் எங்களுக்காக—" என்று எழுதியும் விட்டேன். வாக்கியம் முடியவில்லை. ஏனென்றால் அதை முடித்தால் அடுத்த வாக்கியத்தையும் அவன் சொல்லியாக வேண்டும். நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த இந்தச் செயற்கை அறிவு, மளிகைக் கடையில் ஆணியில் தொங்குகிற தினசரிக் காலண்டர் தெரிந்துகொண்ட அளவுக்குக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை, என்று சொல்ல வேண்டும். அந்த அதிகாரி சிரிப்பார். பெத்தாச்சி தலையைக் குனிந்துகொள்வார். முட்டாள் என்று பெயர் வாங்குவதற்கு அவனுக்கு வெட்கமாக இருந்தது. துரோகி ஆவதற்கு அந்த நிமிடத்தில் அவ்வளவு வெட்கமாக இல்லை. அதுதான் உள்ளபடியான கணக்கு.

"இல்ல சார். எல்லாம் பாத்துட்டேன்" என்றான்.

7

பெத்தாச்சி சாதிக்கைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்துத்தான் சொன்னார்.

"கொஞ்ச நாளைக்கு ஸ்டோரைப் பாத்துக்கங்க பாய். சம்பளத்துல ஒண்ணும் குறையாது. மேலருந்து வந்த ஏற்பாடு."

"மெசின் அப்படிச் சொல்லுதா சார்?"

"சொல்லுதே."

சாதிக் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்தார். "சவுதியில..." என்று ஆரம்பித்தார். பிறகு, "சரி சார்" என்று எழுந்து போய்விட்டார்.

அவர் சண்டை போட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். டீயில் சர்க்கரை குறைந்ததற்குச் சண்டை போடுகிறவர் இதற்குப் போடவில்லை. ஏன் என்று எனக்குக் கொஞ்ச நாள் பிடிபடவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் அதை நம்பிவிட்டார். கைராசி கைராசி என்று ஊர் சொன்னால் போடா என்று போய்விடுவார். கம்ப்யூட்டர் சொன்னது. அதுவும் அவருக்குப் பிடித்த தம்பி செய்த கம்ப்யூட்டர். படித்த பிள்ளை தப்பாகவா செய்திருக்கும்?

அந்த வருடத் தீபாவளிக்கு ஷிப்ட் இராமுவுக்கு விழுந்தது. மத்தியானம் கம்ப்ரசர் நின்றது. இப்போதாவது உண்மை தெரிந்துவிடும் என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டீக்கடையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஸ்டோர்ல இருந்துக்கிட்டே எட்டிப் பாத்துட்டாரு போல." எல்லாரும் சிரித்தார்கள். ஆண்டனி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். எழுந்தான், அவ்வளவுதான்.

சாதிக்கின் தங்கை மகன் உவைஸ் புது ஆட்டோ எடுத்தான். முதல் சாவியை மாமா போடட்டும் என்று ஆசையாகக் கொண்டுவந்து நீட்டினான். சாதிக் சாவியை வாங்கவே இல்லை. "வேற நல்ல கையாப் பாத்துப் போடச் சொல்லுப்பா" என்றுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். இதை அஜீஸா சந்தையில் பெல்சியிடம் சொன்னாள். பெல்சி வீட்டுக்கு வந்து ஆண்டனியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

8

முடிவு. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: கிறிஸ்துமஸ் அன்று ஆண்டனியே பணியில் நிற்கிறான். அவன் கைக்கு அடியிலேயே கம்ப்ரசர் நிற்கிறது. எல்லாருக்கும் உண்மை விளங்குகிறது.

யாருக்கு விளங்கும்? தீபாவளிக்கு விளங்கியதா? அதோடு, வாய் திறக்க வேண்டியவன் ஆண்டனி. அவன் வேலையைக் கம்ப்ரசரிடம் கொடுத்துத் தப்பிக்க வைக்க நான் தயாரில்லை.

இரண்டாவது முடிவு: ஆண்டனி எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிறான். சாதிக் அவனைக் கட்டிப்பிடித்து, "சவுதியில இதை விடப் பெரிய கோளாறெல்லாம் பாத்துட்டேன் தம்பி" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள், டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது.

இதை ஒரே மூச்சில் எழுதினேன். எழுதி முடித்ததும் மனசு லேசாகி நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து படித்தபோது கூசியது. அந்த முடிவில் சாதிக் வந்து நிற்பதே மன்னிப்பதற்காகத்தான். பஸ்ஸில் அந்த வாக்கியத்தைக் கேட்ட நாளிலிருந்து நான் யார் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன்? சொன்னவன் பின்னால். சொல்லப்பட்டவர் வீட்டில் அன்றைக்கு என்ன சமைத்தார்கள் என்றுகூட நான் யோசிக்கவில்லை. அவர் கையைப் பற்றித்தான் கதை முழுவதும் பேசினேன், அவர் மனசை ஆண்டனிக்கு மருந்தாக எடுத்து வைத்திருந்தேன்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். சாதிக்கையே வரச் சொன்னேன். அவராக வந்து அவருக்குத் தோன்றியதைப் பேசட்டும்.

9

வந்தார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த வருடம் நோன்பும் கிறிஸ்துமஸும் ஒன்றாக வந்திருந்தன. நோன்பு திறந்து, தொழுகையும் முடிந்த நேரம். ஆண்டனி வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி, காகித நட்சத்திரத்துக்கு பல்பு மாட்டிக்கொண்டிருந்தான். சாதிக் ஒரு கையில் தூக்குவாளியும் மறுகையில் குடையும் பெல்சியின் கேக் பாத்திரமுமாகப் படியேறினார்.

"வாங்கண்ணே" என்று பெல்சி உள்ளேயிருந்து வந்தாள். "எங்க இந்தப் பக்கமே காணோம். உக்காருங்க."

"இருக்கட்டும்மா. பாத்திரம் ரொம்ப நாளாக் கிடந்துச்சு. குடையும்." குடையைக் கதவோரம் சாய்த்து வைத்தார். "எல்லாத்தையும் குடுத்துருவோம்னு வந்தேன்."

ஆண்டனி ஸ்டூலிலிருந்து இறங்கினான். இரவல் பொருளை சாதிக் திருப்பித் தந்து அவன் பார்த்ததில்லை.

"என்னண்ணே, என்னைக்கும் இல்லாம."

"முப்பத்தொண்ணாம் தேதியோட நின்னுக்கிறேன் தம்பி. எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏண்ணே?"

"ஸ்டோர்லயும் பொருளை எடுத்துக் குடுக்கிறேன்ல. நான் எடுத்துக் குடுத்த சாமானை மாட்டி, அதுல எவனுக்காச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா? பிள்ளைகுட்டிக்காரனுக எல்லாரும். ராவெல்லாம் அதே நெனப்பு." கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார், ஈரம் எதுவும் இல்லாமலே. "உங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிக்கணும்னு வந்தேன். இருபத்தஞ்சு உங்களுக்கு டூட்டி விழுந்துருக்காமே. நான் மெசின் பக்கம் போக முடிஞ்சா இந்தக் கஷ்டம் உங்களுக்கு வராது. பிள்ளைக கோயிலுக்குப் போகையில அப்பா இல்லாம... மனசுல வச்சுக்காதீக தம்பி."

அவர் மன்னிப்புக் கேட்கிறார் என்பது ஆண்டனிக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

தூக்குவாளியைப் பெல்சியிடம் நீட்டினார். வெந்தயமும் பூண்டுமாக நோன்புக் கஞ்சி வாசம் வந்தது. ஒவ்வொரு வருடமும் பள்ளிவாசலில் அகப்பையைப் பிடித்து நின்று ஊற்றுகிறவர் சாதிக்தான். "சவுதியில கஞ்சியே கிடையாது, அந்த வெறியில ஊத்துறேன்" என்பார். பெல்சி வாளியை வாங்கும்போது அவர் அவசரமாகச் சொன்னார்:

"நான் ஊத்தலம்மா. இந்த வருசம் நான் கிட்டவே போகலை. வேற ஆள் ஊத்துனதுதான். பயப்படாமக் குடிங்க. பிள்ளைகளுக்கும் குடுங்க."

பெல்சி வாளியை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கணவனைப் பார்த்தாள்.

"அண்ணே," என்றான் ஆண்டனி. "அந்த மெசின் விசயம். அது வந்து—"

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை.

எழுதத் தெரியாமல் இல்லை. இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் வேண்டும். அது என்ன என்று பெல்சிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இவ்வளவு தூரம் வந்த உங்களுக்கும் தெரியும். தெரியாமல் நிற்கிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான். நான் எழுதினால் அதை நான் சொன்னதாக ஆகிவிடும், ஆண்டனி இன்னொரு முறை தப்பித்துக்கொள்வான். உங்களுக்கு இஷ்டமிருந்தால் நீங்கள் அவன் வாயில் வைத்துப் பாருங்கள். வைக்கும்போது அதற்கு அடுத்த வாக்கியம் சாதிக்குடையது என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் மன்னிப்பாரா, குடையைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா, கஞ்சி வாளியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவாரா, அதை நீங்களும் நானும் சொல்லக் கூடாது.

அந்த 'அது வந்து' அவர் காதில் சரியாக விழவில்லை. தெருவில் உவைஸின் ஆட்டோ காத்திருக்கிறது, இன்ஜின் சத்தம். "அப்ப வாரேன் தம்பி, வாரேம்மா" என்று படியிறங்கிவிட்டார். கீழ்ப்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டுகிறார். வார் பழசு, கொக்கி சரியாக விழாது, எப்போதும் இரண்டு மூன்று தடவை முயன்றுதான் மாட்டுவார்.

இப்போது முதல் செருப்பை மாட்டிவிட்டார். இன்னொன்று பாக்கி இருக்கிறது.